டிஜிட்டல் பூட்டு வாங்கும் முன் பின்கதவையும் நிலைச்சட்டத்தையும் பாருங்கள்

உங்கள் நிலவரம் இது: திருச்சிக்கு வெளியே தனி வீடு, கட்டிப் பதினைந்து வருடம் ஆகிறது. அப்பா, அம்மா இருவர் மட்டும் இருக்கிறார்கள். வருடத்தில் இரண்டு மூன்று மாதம் பெங்களூரில் உங்களோடு வந்து தங்குகிறார்கள். பக்கத்துத் தெருவில் பூட்டிய வீட்டில் திருட்டுப் போனதிலிருந்து எல்லோருக்கும் பயம். முன்வாசல் தேக்குக் கதவுக்கு நல்ல டிஜிட்டல் பூட்டு ஒன்று போட்டுவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம், தப்பில்லை. ஆனால் அதைக் கடைசியில் போடுங்கள். அதே பணத்தில் பாதிகூட ஆகாத வேறு வேலைகள் சில இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் முன்கதவுக்கு மட்டும் விலை உயர்ந்த பூட்டுப் போடுவதில் பெரிய பிரயோஜனம் இல்லை.

காரணம் எளிது. வீடு புகும் திருடன் பூட்டைத் திறக்க மெனக்கெடுவது அபூர்வம். கள்ளச்சாவி, கம்பி விட்டுத் திருப்புவது எல்லாம் கதைகளில்தான் அதிகம். ‘பூட்டை உடைத்து நகை கொள்ளை’ என்று பேப்பரில் போடுகிறார்கள் அல்லவா, அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பல சமயம் பூட்டு உடைந்திருக்காது. பூட்டியபடியே தரையில் கிடக்கும். கொண்டி பிய்ந்து வந்திருக்கும், அல்லது நாதாங்கி ஸ்க்ரூவோடு பெயர்ந்திருக்கும், அல்லது நிலையில், அதாவது கதவைச் சுற்றியுள்ள சட்டத்தில், பூட்டின் நாக்கு நுழையும் இடத்தில் மரம் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருக்கும். பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருந்த மரமும் முக்கால் அங்குல ஸ்க்ரூவும்தான் கைவிட்டிருக்கும்.

அவன் கையில் இருப்பது இரண்டடி நீளக் கடப்பாரையோ தடித்த இரும்புக் கம்பியோதான். அதன் தட்டை முனையைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருக்கும் சந்தில் நுழைத்து அமுக்குவான். பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் கணக்குத்தான் இது. 60 சென்டிமீட்டர் கம்பியில் முனையிலிருந்து 3 சென்டிமீட்டரில் தாங்குபுள்ளி இருந்தால், அவன் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய இருபது மடங்காகிப் பூட்டு நாக்கின் மேல் விழும். இதற்கு முன்னால் எந்த மரமும் நிரந்தரமாக நிற்காது. நாம் செய்யக்கூடியதெல்லாம் நேரத்தை இழுப்பதும் சத்தத்தைக் கூட்டுவதும்தான்.

இது நான் சமாதானத்துக்குச் சொல்வதல்ல. கதவுகளைச் சோதிக்கும் ஐரோப்பியத் தரமான ஈ.என். 1627-இல் கணக்கே நிமிடத்தில்தான் இருக்கிறது. ஆர்.சி. 2 என்ற வகுப்புக் கதவு ஸ்க்ரூ டிரைவர், பிளையர், ஆப்பு மாதிரியான சாமான்களுக்கு 3 நிமிடம் தாங்க வேண்டும். ஆர்.சி. 3 கடப்பாரைக்கு 5 நிமிடம் தாங்க வேண்டும். அங்கே வீட்டுக் கதவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவே இவ்வளவுதான். ‘உடைக்கவே முடியாத கதவு’ என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு அனுப்பிவிடுங்கள்.

சரி, இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

முதலில் சாயங்காலம் இருட்டிய பிறகு வீட்டை வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தெருவில் போகிறவர் கண்ணில் படாமல் எந்தக் கதவின் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க முடியும் என்று பாருங்கள். நம் ஊர் வீடுகளில் விடை கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: சமையலறைப் பின்கதவு, அல்லது மொட்டை மாடிக் கதவு. முன்வாசல் தெருவைப் பார்த்து இருக்கிறது, எதிர் வீட்டில் ஆள் இருக்கிறது, லைட் எரிகிறது. அங்கே தேக்கும் பித்தளையும் போடுகிறோம். யாரும் பார்க்காத பின்பக்கத்துக்கு பிளைவுட் ஒட்டிய ஃபிளஷ் டோரும் டவர் போல்ட் என்கிற தாழ்ப்பாள் ஒரே ஒன்றும் போடுகிறோம். செலவு கௌரவத்துக்குப் போகிறது, பாதுகாப்புக்கு இல்லை.

பின்கதவில் முதலில் பார்க்க வேண்டியது மரம் உயிரோடு இருக்கிறதா என்பதை. பதினைந்து வருட வீடு என்கிறீர்கள். பாத்திரம் கழுவும் தண்ணீர், மழைச்சாரல், துவைக்கிற கல்லிலிருந்து தெறிப்பது எல்லாம் சேர்ந்து நிலையின் அடிப்பாகத்தை ஊறவைத்திருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தரையிலிருந்து ஓரடி உயரம் வரைக்கும் நிலையை அங்கங்கே குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை மேலாகப் பதியும், உள்ளே போகாது. உளுத்த மரத்தில் பெயின்ட் தோல் மட்டும் தடுக்கும், அப்புறம் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். கரையான் இருந்தால் சாவியின் பின்பக்கத்தால் தட்டும்போது டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்கும். தட்டிக்கொண்டே மேலே போனால் சத்தம் மாறுகிற இடம் தெரியும், அதுவரைக்கும் தின்றிருக்கிறது என்று அர்த்தம். இப்படிப்பட்ட நிலையில் எந்தப் பூட்டைப் போட்டும் பயனில்லை. நிலையை மாற்றுங்கள். பின்பக்கத்துக்கு இரும்பு நிலை போடுவதே நல்லது. இரண்டு பக்கமும் நிலையைச் சுவரோடு பிடிக்கும் ஹோல்டு ஃபாஸ்ட் என்கிற இரும்புப் பட்டைகள் மூன்று மூன்று வைத்து, அவற்றைச் சுற்றி வெறும் பூச்சுக் கலவை போடாமல் ஜல்லிக் கான்கிரீட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். அவசரக் கொத்தனார்கள் இந்த இடத்தில்தான் உடைந்த செங்கல்லைத் திணித்துப் பூசிவிடுவார்கள். பூசின பிறகு உங்களுக்குத் தெரியவே தெரியாது, அதனால் அந்த நேரத்தில் கூட நில்லுங்கள்.

கதவும் அப்படித்தான். ஃபிளஷ் டோர் என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே முழுக்கக் கட்டை அடைத்ததும் உண்டு, ஓரத்தில் மட்டும் சட்டம் வைத்து நடுவில் வெற்றிடமாக விட்டதும் உண்டு. நடுவில் விரல் முட்டியால் தட்டினால் புரிந்துவிடும். வெற்றுக் கதவை உதைத்தே ஓட்டை போடலாம். குளியலறைக்குப் போடும் பி.வி.சி. கதவைப் பின்வாசலுக்கு மாட்டியிருக்கிற வீடுகளும் இருக்கின்றன. அதைக் கதவு என்று கணக்கில் எடுத்துக்கொள்ளவே கூடாது.

கதவு மாற்றுவது இப்போதைக்கு முடியாது என்றால், மலிவான வழி ஒன்று இருக்கிறது. பழைய ஓட்டு வீடுகளில் கதவுக்குப் பின்னால் குறுக்காக ஒரு கட்டை போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதே ஏற்பாட்டை இரும்பில் செய்யுங்கள். ‘ப’ வடிவக் கொக்கி இரண்டை, வாய் மேல்நோக்கி இருக்கும்படி, கதவின் இரண்டு பக்கமும் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய் ஒன்றை அவற்றின் மேல் படுக்க வையுங்கள். ஒரு வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை. கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரி இருந்தால் மட்டுமே இது பயன்படும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் ஒன்று வைத்தால் போதும், இரண்டு வைத்தால் இன்னும் நல்லது. நெம்புகிறவனுக்கு இப்போது பூட்டு நாக்கு மட்டும் எதிரி இல்லை, சுவரே எதிரி. சாவி தேவையில்லை, எடுத்துக் கீழே வைத்தால் கதவு திறந்துவிடும், வயதானவர்களுக்கும் சிரமமில்லை. அழகாக இருக்காது என்று அம்மா சொல்வார்கள். சமையலறைப் பின்கதவுக்கு அழகு எதற்கு?

இது உள்ளேயிருந்து மட்டும் போடக்கூடியது என்பதால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போதுதான் இதன் முழுப் பலனும் கிடைக்கும். பின்கதவு, மாடிக் கதவு இரண்டையும் உள்ளே குறுக்குக் கம்பி போட்டு அடைத்துவிட்டு முன்வாசல் வழியாக மட்டும் வெளியேறுங்கள்.

மொட்டை மாடிக் கதவை மறந்துவிடாதீர்கள். படிக்கட்டு வீட்டுக்குள்ளேயே ஏறுகிறதென்றால் அது உங்கள் வீட்டின் இன்னொரு வாசல். சன்ஷேடு, மழைத்தண்ணீர்க் குழாய், பக்கத்து வீட்டு மாடி, மதிலை ஒட்டிய மரம், ஏறி வர வழியா இல்லை? மேலே வந்துவிட்டால் அவனைக் கீழேயிருந்து யாரும் பார்க்க முடியாது, சாவகாசமாக வேலை பார்க்கலாம். அங்கே பெரும்பாலும் இருப்பது ஆங்கிள் சட்டத்தில் மெல்லிய தகடு அடித்த கதவு, ஒரு தாழ்ப்பாள். தகட்டின் ஒரு மூலையை வளைத்துக் கையை விட்டால் தாழ்ப்பாள் எட்டிவிடும். தாழ்ப்பாளை ஓரத்திலிருந்து கை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள், மேலும் கீழும் இரண்டாக்குங்கள், குறுக்குக் கம்பி ஒன்று போடுங்கள். இன்னும் செலவு செய்ய முடியுமென்றால் படிக்கட்டு ஹாலில் இறங்கும் இடத்தில் ஒரு கிரில் கதவு வையுங்கள். மாடியை உடைத்தவன் மறுபடியும் ஒரு கதவை உடைக்க வேண்டியிருக்கும், அதுவும் தூங்குகிறவர்களுக்குப் பக்கத்தில்.

இதோடு சேர்த்து ஒன்று. பின்பக்கம் சாத்தி வைத்திருக்கும் ஏணி, தென்னைக்குக் குழி வெட்ட வாங்கிய கடப்பாரை, மண்வெட்டி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துப் பூட்டிவையுங்கள். பகலில் வேவு பார்த்தவனுக்கு ராத்திரி சாமான் சுமந்துவரும் வேலையை நாமே மிச்சப்படுத்திக் கொடுக்க வேண்டாம்.

இப்போது முன்கதவு. தேக்கு என்றால் மரத்தைப் பற்றிக் கவலை குறைவு. ஆனால் வேலைப்பாட்டுக் கதவுகளில் சட்டம்தான் தடிமனாக இருக்கும், நடுவில் பலகை மெல்லியதாக இருக்கலாம், சிலவற்றில் கண்ணாடி பதித்திருப்பார்கள். கண்ணாடி உடைத்து உள்ளே கை விட்டால் தாழ்ப்பாள் எட்டுமா என்று உங்கள் கையாலேயே அளந்து பாருங்கள். கதவை ஒட்டி ஜன்னல் இருந்தாலும் இதே கேள்விதான். வாசல் ஜன்னலில் கம்பிக்கு நடுவே கையை நுழைத்துக் கதவின் தாழ்ப்பாளை நீக்குவது பழைய வித்தை. கொசுவலைச் சட்டம் அதைத் தடுக்காது. அந்த ஜன்னலில் கதவுப் பக்கத்துப் பாதிக்கு நெருக்கமான கம்பிவலை ஒன்றை வெல்டு வைத்தால் தீர்ந்தது.

அடுத்து ஸ்க்ரூ. கதவைத் திறந்து, நிலையில் பூட்டு நாக்கு நுழையும் இடத்தில் பதித்திருக்கும் சின்னத் தகட்டைப் பாருங்கள். ஸ்ட்ரைக் பிளேட் என்பார்கள். அதிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். முக்கால் அங்குலம், சில சமயம் அரை அங்குலம்தான் இருக்கும். பூட்டுப் பெட்டியிலேயே அவ்வளவுதான் கொடுத்திருப்பார்கள், ஆசாரியும் அதையே போட்டிருப்பார். நிலையின் மேல்தோலை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு ஸ்க்ரூதான் உங்கள் வீட்டின் காவல். அதைக் கழற்றிவிட்டு மூன்று அங்குல ஸ்க்ரூ போடுங்கள். முன்னாலேயே மெல்லிய துளை போட்டு ஏற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் தேக்கு விரிசல் விடும். சின்னத் தகட்டுக்குப் பதிலாக ஓரடி நீளமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இரும்புப் பட்டையை நாக்கு நுழைய வெட்டி நிலையில் பதித்து, ஆறு ஸ்க்ரூ போட்டால் இன்னும் பலம். நெம்பும் வேகம் ஒரே புள்ளியில் விழாமல் ஓரடி மரத்துக்குப் பரவும். மொத்தச் செலவு சில நூறு ரூபாய். முன்கதவில் நான் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்வேன்.

நிலைக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நகம் போகிற அளவுக்குச் சந்து விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கதவைப் படாரென்று சாத்தும்போது நிலையோரப் பூச்சு உதிர்ந்தால் ஹோல்டு ஃபாஸ்ட் தளர்ந்திருக்கிறது. நிலையின் வழியாகவே துளை போட்டுச் சுவருக்குள் நான்கைந்து அங்குல ஆங்கர் இறக்கி இறுக்கிவிடலாம், நிலையைப் பிடுங்க வேண்டியதில்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம் ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு ஊதிக்கொள்வது. நாக்கு துளைக்கு நேராக வராது. தோளால் இடித்துச் சாத்தி, சாவியைப் பாதி திருப்பி, போகிற வரைக்கும் போகட்டும் என்று விட்டுவிடுவோம். 20 மில்லிமீட்டர் நுழைய வேண்டிய நாக்கு 5 மில்லிமீட்டர் நுழைந்திருக்கும். வெளியே பார்க்கப் பூட்டிய கதவு, உண்மையில் ஒட்டிய கதவு. ஆசாரியைக் கூப்பிட்டால் ஓரத்தை இழைத்துத் தள்ளிவிடுவார், அப்புறம் பங்குனி வெயிலில் கதவு சுருங்கிக் கடப்பாரை நுழைகிற சந்து தானாக வந்துவிடும். இழைப்பதற்கு முன் ஸ்ட்ரைக் பிளேட்டின் துளையை அரத்தால் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பெயின்ட் பார்க்காமலே இருக்கும், கண்ணுக்குத் தெரியாதே என்று விட்டிருப்பார்கள். ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். கோடையில் கதவைக் கழற்றி அந்த இரண்டு விளிம்புக்கும் வார்னிஷ் கொடுங்கள், ஊதுவது பெரும்பாலும் அடங்கிவிடும்.

கதவுக்கு வெளியே ஆல்டிராப் என்கிற பெரிய தாழ்ப்பாளைப் போட்டுத் தொங்குபூட்டு மாட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பது என் திடமான கருத்து. பூட்டு நல்லதா கெட்டதா என்பதல்ல விஷயம். திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கையால் செய்கிற அந்த மாங்காய்ப் பூட்டின் லீவரைக் கம்பி விட்டுத் திறப்பது லேசில் நடக்காது. ஆனால் வெளியே தொங்குகிற பூட்டு தெருவில் போகிற எல்லோருக்கும் ஒரு செய்தி சொல்கிறது: உள்ளே யாரும் இல்லை. கதவுக்குள்ளேயே பதியும் மார்ட்டிஸ் பூட்டு போட்ட வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று வெளியே இருந்து தெரியாது. அந்தச் சந்தேகமே பாதிக் காவல்.

மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பூட்டை விடக் கொண்டியைக் கவனியுங்கள். ஸ்க்ரூவால் அடித்த கொண்டியை எடுத்துவிட்டு, கதவை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு உள்பக்கம் வாஷரோடு நட்டு முடுக்குங்கள். வெளியே தெரியும் தலை உருண்டையாக இருக்க வேண்டும், ஸ்பேனரோ ஸ்க்ரூ டிரைவரோ பிடிக்க இடம் இருக்கக் கூடாது. கொண்டியை மூடும்போது பட்டை எல்லாத் தலைகளையும் மறைத்தால் இன்னும் நல்லது. பூட்டின் வளையம் கடினப்படுத்திய எஃகாக இருக்கட்டும், வளையத்துக்குள் மிச்ச இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பெரிய வளையத்தில் கம்பியை விட்டு முறுக்குவது சுலபம். வளையமே வெளியே தெரியாத வட்டப் பூட்டுகள் ஷட்டருக்குப் போடுவார்கள், அவை கம்பிக்கும் கட்டருக்கும் சிக்குவதில்லை.

மார்ட்டிஸ் பூட்டு வாங்கும்போது இரண்டு விஷயம். கைப்பிடியை அழுத்தினால் உள்ளே போகும் சாய்வான நாக்கு காற்றுக்குக் கதவு திறக்காமல் இருப்பதற்கு மட்டும்தான். சாவியைத் திருப்பினால் வருகிற சதுர நாக்குதான் பூட்டு. கதவைச் சும்மா இழுத்துச் சாத்திவிட்டு ‘பூட்டியாச்சு’ என்று போகிறவர்கள் ஏராளம். அந்தச் சாய்வு நாக்கை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் தள்ளிவிடலாம். சாவியை முழுதாக, இரண்டு சுற்று என்றால் இரண்டு சுற்றும் திருப்ப அப்பாவைப் பழக்குங்கள். இரண்டாவது, சாவி நுழையும் சிலிண்டர் கைப்பிடித் தகட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டினால் பிளையரால் பிடித்து ஒடித்துவிடலாம். சிலிண்டரின் நடுவில் அதைப் பிடிக்கிற ஸ்க்ரூவுக்காகத் துளை போட்டிருக்கும், அந்த இடம் மெலிந்தது, ஒடிவதும் அங்கேதான். கடைக்காரர் கையில் இருக்கிற அளவைத் தள்ளிவிடப் பார்ப்பார். கதவின் தடிமனையும் இரண்டு பக்கத் தகட்டின் தடிமனையும் அளந்துகொண்டு போய் அதற்கேற்ற நீளம் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, மார்ட்டிஸ் பூட்டுக்காகக் கதவின் சட்டத்தில் ஆழமாகப் பொந்து தோண்ட வேண்டும். மெல்லிய சட்டமாக இருந்தால் பூட்டின் இரண்டு பக்கமும் அரை அங்குல மரம்தான் மிஞ்சும், உதைத்தால் அங்கேயே பிளக்கும். அப்படிப்பட்ட கதவுக்கு உள்பக்கம் மேலாகப் பொருத்தும் ரிம் லாக்கே மேல். அது கதவைக் குடைவதில்லை.

கீல் விஷயம் ஒரு வரியில் முடிந்துவிடும். உள்பக்கம் திறக்கும் கதவுக்குக் கவலையில்லை. பால்கனிக் கதவு, கிரில் கேட் மாதிரி வெளியே திறப்பவற்றில் கீல் வெளியே தெரியும், அதன் ஊசியைத் தட்டிக் கழற்றிவிடலாம். இரும்பென்றால் ஊசியின் தலையில் ஒரு பொட்டு வெல்டு வையுங்கள். மரமென்றால் கீல் பக்கத்து விளிம்பில் இரண்டு தடித்த ஆணியைப் பாதி வெளியே தெரியும்படி அடித்து, நிலையில் அது நுழையத் துளை போட்டுவிடுங்கள். ஊசி போனாலும் கதவு வெளியே வராது.

முன்வாசலில் கிரில் கேட் இருந்தால், எனக்குக் கேட்டால் இரண்டு வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு அதுதான் மிக உபயோகமான கதவு. மணி அடித்தால் மரக்கதவைத் திறந்து, கிரில் பூட்டியபடியே பேசலாம். நகைக்குப் பாலிஷ் போடுகிறோம், கணக்கெடுக்க வந்திருக்கிறோம், குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று பகலில் வருகிறவர்களுக்குக் கடப்பாரையே தேவையில்லை, நாமே திறந்துவிடுவோம். சங்கிலித் தாழ்ப்பாளை இதற்கு நம்ப வேண்டாம். அரை அங்குல ஸ்க்ரூவில் தொங்கும் சங்கிலி ஒரு தோள் இடிக்குத் தாங்காது. கிரில்லின் பூட்டு எப்போதும் ஒரே இடத்தில், உள்பக்கம் திரும்பி, தெருவுக்கு மறைவாக ஒரு தகட்டுக்குப் பின்னால் இருக்கட்டும். வெளியேயிருந்து கையை விட்டுப் பூட்ட ஒரு துளை போதும். வீட்டில் இருந்தாலும் ஊருக்குப் போனாலும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போது கிரில்லை உள்பக்கம் பூட்டிச் சாவியைப் பீரோவுக்குள் வைக்கும் வழக்கம் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கேஸ் கசிந்தாலோ ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலித்தாலோ சாவி தேட நேரம் இருக்காது. வெளியேயிருந்து கை எட்டாத, ஆனால் இருட்டிலும் தடவி எடுக்கக்கூடிய ஒரே ஆணியில் அது தொங்க வேண்டும்.

வெளியே இருக்கும் சும்மாத் தாழ்ப்பாள்களையும் ஒரு கண் பாருங்கள். ஒரு வீட்டில் புகும் முன் அக்கம்பக்கத்து வீடுகளை வெளியே தாழிட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிற கும்பல்கள் உண்டு. சத்தம் கேட்டாலும் யாரும் வெளியே வர முடியாது. மார்ட்டிஸ் பூட்டு வந்த பிறகு வெளித் தாழ்ப்பாளுக்கு வேலையில்லை, கழற்றிவிடலாம். எதிர் வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.

டிஜிட்டல் பூட்டுக்கு வருகிறேன். பெரும்பாலானவை உள்ளே அதே மார்ட்டிஸ் பூட்டுத்தான். திறக்கும் விதம் மட்டும் விரல் ரேகை, எண், அட்டை என்று மாறுகிறது. நெம்புகிறவனுக்கு எந்த வித்தியாசமும் இல்லை, நாக்கு நுழையும் நிலை அதே நிலை. அதன் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. சாத்தினதும் தானே பூட்டிக்கொள்ளும், ஆகவே பாதி பூட்டிவிட்டுப் போகும் பிரச்சினை இல்லை. பூத்தொட்டிக்கு அடியிலும் செருப்பு ஸ்டாண்டிலும் சாவி ஒளித்துவைக்க வேண்டாம். வேலைக்கு வருகிற அம்மாவுக்குத் தனி எண் கொடுத்து, நின்ற பிறகு அதை நீக்கலாம். பெற்றோருக்கு இதெல்லாம் வசதி என்றால் தாராளமாக வாங்குங்கள்.

வாங்கும் முன் அப்பா, அம்மா விரலைக் கடையிலேயே வைத்துப் பாருங்கள். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடையில் அம்மா நாலு தடவை கட்டைவிரல் வைத்தும் இயந்திரம் ஏற்காமல் நின்றிருந்தால் இங்கேயும் அதே கதைதான். பாட்டரி தீர்ந்தால் வெளியேயிருந்து மின்சாரம் கொடுக்க வழி இருக்கிறதா, அவசரச் சாவி இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தச் சாவிக்கான சிலிண்டரையும் மேலே சொன்ன கண்ணோடு பாருங்கள், சில விலை உயர்ந்த பூட்டுகளில்கூட அது மட்டமானதாக இருக்கும். கம்பெனியிலிருந்து வருகிற எண்ணை அன்றைக்கே மாற்றுங்கள். பிறந்த வருடம், வண்டி நம்பர் வேண்டாம்.

கேமரா வைக்கலாமா என்றும் அடுத்து கேட்பீர்கள். வையுங்கள், ஆனால் அது நடந்ததைப் பதிவு செய்யும், நடப்பதைத் தடுப்பது குறைவு. தலையில் குரங்குக் குல்லா போட்டவன் கேமராவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, சில சமயம் பதிவுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போவான். அதைவிட மலிவானது கதவில் ஒட்டும் காந்த அலாரம். பாட்டரியில் ஓடும், கதவு விலகினவுடன் அலறும். பின்கதவுக்கும் மாடிக் கதவுக்கும் ஒவ்வொன்று ஒட்டுங்கள். ஆள் இல்லாத வீட்டில் அக்கம்பக்கத்தில் கேட்கிற அளவு சத்தமாக இருந்தால்தான் பிரயோஜனம், அதனால் வாங்கும்போது அலறவிட்டுப் பாருங்கள்.

பெற்றோர் பெங்களூர் கிளம்பும் மாதங்களுக்குக் கதவைத் தாண்டிச் சில ஏற்பாடுகள் வேண்டும். பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள். கேட்டில் செருகும் நோட்டீஸ்களை எடுத்துப்போட யாரையாவது சொல்லிவையுங்கள். வாசல் பெருக்காமல் கோலம் இல்லாமல் நாலு நாள் கிடந்தால் தெருவில் எல்லோருக்கும் புரிந்துவிடும். வீட்டு வேலைக்கு வருகிறவருக்கு அந்த மாதங்களுக்கும் சம்பளம் கொடுத்து வாசல் தெளித்துக் கோலம் போடச் சொல்லுங்கள், எந்தப் பூட்டையும் விட மலிவு. போர்ட்டிகோ விளக்கைப் பகலிலும் எரியவிட்டுப் போவது வெளியே தொங்குபூட்டு மாட்டுவதற்குச் சமம், ஒரு டைமர் சுவிட்ச் போடுங்கள். பக்கத்துக் காவல் நிலையத்தில் தேதியையும் முகவரியையும் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வருகிறவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். நகையை வங்கி லாக்கரில் வைத்துவிடுங்கள்.

வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருந்தால் பத்திரத்தைப் படியுங்கள். பலவந்தமாக உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் திருட்டுக்கு இழப்பீடு என்பது இவ்வகைப் பாலிசிகளில் வழக்கமான நிபந்தனை. மாற்றுச்சாவி போட்டுச் சத்தமில்லாமல் திறந்துபோனால் சிக்கல். இதனால்தான் இன்னொன்றையும் கேட்கிறேன்: வீடு கட்டும்போது ஆசாரி, பெயின்டர், எலக்ட்ரீஷியன் கையில் புழங்கிய அதே சாவிதான் இன்னும் முன்கதவுக்கு இருக்கிறதா? இடையில் மாடியை வாடகைக்கு விட்டிருந்தீர்களா? அப்படியென்றால் பூட்டு முழுதையும் மாற்ற வேண்டியதில்லை, சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை. புதுச் சாவிகளில் ஒன்று உங்களிடம், ஒன்று பெற்றோரிடம், ஒன்று திருச்சியில் நீங்கள் நம்புகிற சொந்தக்காரர் ஒருவரிடம். அவர் அதே தெருவில் இல்லாமல் இருப்பது நல்லது.